டிரான்ஸ்பார்மர் தாங்குமா? கூடுதல் லோடு போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

நம் சங்கக் கூட்டங்களில் மின்சாரம் பற்றிப் பேச்சு வந்தால் அது கட்டண உயர்வில் தொடங்கிக் கட்டண உயர்விலேயே முடிந்து விடுகிறது. யூனிட்டுக்கு எத்தனை பைசா கூடிற்று என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் தம் மில்லில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் எத்தனை ஆம்பியர் தாங்கும், இப்போது எத்தனை ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும்" என்று சொல்பவர்களே அதிகம். 2022-ஆம் ஆண்டு வரை நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

அந்த ஆண்டு ஆவணி மாதத்தில் என் தம்பி மகன் ஒரு யோசனையோடு வந்தான். எங்களுக்கு விருதுநகரில் பருப்பு மில் இருக்கிறது. துவரையும் உளுந்தும் உடைக்கிறோம். மில்லுக்குப் பின்புறம் காலியாகக் கிடந்த கிட்டங்கியைக் குளிர்பதனக் கிட்டங்கியாக மாற்றி வத்தல் மூடைகளை வைத்துக்கொள்ளலாம் என்பது அவன் யோசனை. "நம்ம வத்தலையும் வைக்கலாம், மற்ற வியாபாரிகளுக்கும் வாடகைக்கு விடலாம் பெரியப்பா" என்றான். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் எனக்குத் துணிவு வரவில்லை. காரணம் பணமல்ல, டிரான்ஸ்பார்மர்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பழக்கமான ஒரு மில்காரர், வெளியூர்க்காரர், இதே மாதிரி கூடுதல் மோட்டார்களைப் போட்டார். கேட்டதற்கு "ஓடுகிறதே!" என்றார். இரண்டு வருடம் ஓடத்தான் செய்தது. மூன்றாம் வருடம் சித்திரை மாதத்து வெயிலில் ஒரு பிற்பகலில் டிரான்ஸ்பார்மர் எரிந்து போயிற்று. மாற்று டிரான்ஸ்பார்மர் வாடகைக்குக் கிடைத்து, சோதனை முடிந்து, மின்சாரம் வர 11 நாள் ஆயிற்று. அவருக்கு நின்றது மில் மட்டும்தான். குளிர்பதனக் கிட்டங்கி என்றால் அப்படியல்ல. உள்ளே இருப்பது பிறர் சரக்கு. அதன்மேல் ரசீது கொடுத்திருப்போம். அந்த ரசீதை வைத்து வங்கியில் கடன் வாங்கியிருப்பார்கள். 11 நாள் குளிர் இல்லாமல் போனால் வத்தல் நிறம் மங்கும், வண்டு விழும், விலை இறங்கும். பிறகு அந்த வியாபாரி முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகவே தம்பி மகனிடம், "டிரான்ஸ்பார்மர் தாங்கும் என்று எனக்குக் கணக்குக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி விட்டேன்.

இரண்டு பேர், இரண்டு பதில்

எங்களுடையது 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும் 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். 1996-ல் வாங்கியது. உயரழுத்த இணைப்பு என்பதால் அது எங்கள் சொந்தப் பொருள். எரிந்தாலும் எங்கள் செலவுதான்.

முதலில் ஒரு எலக்ட்ரிகல் மேஸ்திரி வந்தார். மில்லிலுள்ள மோட்டார்களை எல்லாம் வரிசையாக எழுதிக் கூட்டினார். 310 குதிரைத்திறன் வந்தது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே 231 கிலோவாட். அதோடு லைட், ஆபீஸ் ஏ.சி., நிறம் பிரிக்கும் மிஷின் எல்லாம் சேர்த்து 250-ஐத் தாண்டுகிறது. "அண்ணாச்சி, இப்பவே ஓவர்லோடு. 500 கே.வி.ஏ. போட்டாத்தான் ஆகும்" என்று சொல்லி, டிரான்ஸ்பார்மர், பிரேக்கர், கேபிள், மேடை எல்லாம் சேர்த்துப் பதினைந்து லட்சத்துக்கு மேல் ஒரு மதிப்பீடும் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு ஒப்பந்தக்காரர் வந்தார். கையோடு டாங் டெஸ்டர் கொண்டு வந்திருந்தார். கம்பியை அறுக்காமல் கவ்விப் பிடித்தே ஆம்பியர் காட்டும் கருவி அது. பிடித்துப் பார்த்தார். சராசரி 160 ஆம்பியர். அது 120 கே.வி.ஏ. "250-ல் 120 போனால் 130 மிச்சம். உங்களுக்குத் தேவை 75-க்குள்தான். தாராளமாகப் போடலாம், ஒரு பைசா செலவில்லை" என்றார்.

ஒருவர் பதினைந்து லட்சம் என்கிறார், மற்றவர் பைசா செலவில்லை என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. பின்னால் யோசித்துப் பார்த்தபோது இருவரும் தவறான கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பது புரிந்தது. முதலாமவர் மில்லிலுள்ள எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில், முழுப் பாரத்தில் ஓடுவதாக எடுத்துக்கொண்டார். எந்த மில்லிலும் அப்படி ஓடுவதில்லை. எலிவேட்டர் ஓடும்போது எமரி ரோல் நிற்கும். ஒரு மோட்டாரில் பாதி பாரம்தான் இருக்கும். இன்னொன்று ஸ்பேர். இரண்டாமவரோ ஆவணி மாதத்தில், சரக்கு வரத்துக் குறைந்த நாளில், ஒரே ஒரு பிற்பகலில் எடுத்த அளவை வருடம் முழுவதற்கும் வைத்துக்கொண்டார். ஆடி மாத விற்பனையைப் பார்த்துத் தீபாவளிக்குச் சரக்கு வாங்குகிறவனை நாம் என்னவென்று சொல்வோம்?

பெயர்ப் பலகையும் எடைச் சீட்டும்

நல்லவேளையாக, மின் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மாலை உட்கார்ந்து கேட்டுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். எனக்கே புரிந்தது என்றால் யாருக்கும் புரியும்.

டிரான்ஸ்பார்மரின் பக்கத்தில் ஒரு உலோகத் தகடு அடித்திருக்கும். முதலில் அதைத் துடைத்துப் படியுங்கள் என்றார். கே.வி.ஏ., இரு பக்கத்து வோல்ட், இரு பக்கத்து ஆம்பியர், எண்ணெயும் சுருளும் எத்தனை டிகிரி வரை கூடுதல் சூடேறலாம் என்பது, தயாரித்த ஆண்டு எல்லாம் அதில் உண்டு. எங்கள் தகட்டில் 433 வோல்ட் பக்கத்தில் 333 ஆம்பியர் என்று இருந்தது. தகடு தேய்ந்து போயிருந்தாலும் கவலை இல்லை. 433 வோல்ட் மூன்று பேஸ் டிரான்ஸ்பார்மருக்குக் கே.வி.ஏ.வை 1.33-ஆல் பெருக்கினால் ஆம்பியர் வந்து விடும். 100 கே.வி.ஏ. என்றால் 133, 250 என்றால் 333, 500 என்றால் 667. திருப்பி, ஆம்பியரை 0.75-ஆல் பெருக்கினால் கே.வி.ஏ. இந்த இரண்டு பெருக்கல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கே.வி.ஏ. என்றால் என்ன, கிலோவாட் என்றால் என்ன என்பதில்தான் நான் வெகுநேரம் தடுமாறினேன். கடைசியில் எடை மேடைதான் கைகொடுத்தது. லாரி சுமப்பது மொத்த எடை. நமக்குக் காசாவது நிகர எடை. சாக்கும் கட்டும் கழிவுதான், ஆனாலும் லாரியின் அச்சு அதையும் சேர்த்துத்தான் சுமக்கிறது. அதுபோல மோட்டார் செய்யும் வேலை கிலோவாட். டிரான்ஸ்பார்மர் சுமப்பது கே.வி.ஏ. நிகரத்தை மொத்தத்தால் வகுத்தால் வருவது பவர் பேக்டர். (கழிவைக் கழிக்கும் முறை எடைச் சீட்டில் போல நேரான கழித்தல் அல்ல என்று பொறியாளர் திருத்தினார். மனதில் நிற்பதற்கு இது போதும்.) டிரான்ஸ்பார்மருக்குப் பாரமாவது ஆம்பியர்தான். அதனால் டிரான்ஸ்பார்மர் கணக்கைக் கிலோவாட்டில் போடவே கூடாது, கே.வி.ஏ.வில்தான் போட வேண்டும்.

பன்னிரண்டு பில்கள்

"உங்கள் ஆபீஸிலேயே பதில் இருக்கிறதே, எதற்கு ஆள் வைத்து அளந்தீர்கள்?" என்று பொறியாளர் சிரித்தார். உயரழுத்த மின் கட்டணப் பில்லில் அந்த மாதத்தின் உச்சத் தேவை கே.வி.ஏ.வில் பதிவாகியிருக்கும். பவர் பேக்டரும் இருக்கும். நாமோ கட்ட வேண்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டு விடுகிறோம்.

12 மாதப் பில்களை எடுத்து உச்சத் தேவையை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். ஆகஸ்டில் 126. அக்டோபரில் 139. ஜனவரியில் 164. மார்ச்சில் 178. குல்பர்கா பக்கத்துப் புதுத் துவரை வந்து மில் இரவும் பகலும் ஓடுகிற காலம் அதுதான். ஆக, மிச்சம் 130 அல்ல, 250-ல் 178 போக 72 மட்டுமே.

இங்கேதான் வியாபாரி தன் மூளையைப் பயன்படுத்த வேண்டும். எந்தப் பொறியாளருக்கும் நம் சரக்கின் பருவம் தெரியாது. நம் பக்கத்தில் வத்தல் வரத்து எப்போது? மாசி, பங்குனி, சித்திரை. வெயிலில் காய்ந்த வத்தல் மூடை மூடையாகக் கிட்டங்கிக்குள் போவது அப்போதுதான். வெதுவெதுப்பான சரக்கை 6, 7 டிகிரிக்கு இறக்க இரண்டு கம்ப்ரசரும் ஒன்றாக ஓட வேண்டும். சரக்கு ஒருமுறை குளிர்ந்து விட்டால் ஒரு கம்ப்ரசர் போதும். ஆக, மில்லின் உச்சமும் கிட்டங்கியின் உச்சமும் ஒரே மாதத்தில் மோதுகின்றன. கிட்டங்கியில் வைப்பது வேறு பொருளாக இருந்து, அதன் பருவம் ஐப்பசியாக இருந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

புதிய லோடு கணக்கு இது. 30 குதிரைத்திறன் கம்ப்ரசர் இரண்டு. பம்பு, விசிறி எல்லாம் சேர்த்து 15. ஆக 75 குதிரைத்திறன், அதாவது 56 கிலோவாட். இது மோட்டார் வெளியே கொடுக்கும் திறன். மோட்டாரிலேயே பத்தில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது என்று வைத்து 0.9-ஆல் வகுத்தால் உள்ளே வாங்குவது 62 கிலோவாட். அதைப் பவர் பேக்டர் 0.85-ஆல் வகுத்தால் 73 கே.வி.ஏ.

இருப்பது 72, வேண்டியது 73. தம்பி மகன், "ஒண்ணுதானே பெரியப்பா குறையுது" என்றான்.

மூன்று கால் நாற்காலி

2023 பங்குனியில் சீசன் உச்சத்தில், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு நான்கு நாள், நாளுக்கு ஆறு முறை, மூன்று பேஸையும் தனித்தனியே அளக்கச் சொன்னோம். (இதை நாமே செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். 333 ஆம்பியர் ஓடுகிற பேனலின் கதவைத் திறப்பது பழக்கப்பட்டவர் வேலை.) அதிகபட்சம் இப்படி இருந்தது: ஆர் பேஸில் 231, ஒய் பேஸில் 268, பி பேஸில் 215. சராசரி 238. அது பில்லில் உள்ள 178 கே.வி.ஏ.வோடு ஒத்துப் போகிறது. நியூட்ரலில் 47-க்குப் பக்கமாக ஓடியது.

சராசரியைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. மூன்று கால் நாற்காலியில் ஒரு காலில் மட்டும் எல்லாப் பாரமும் இருந்தால் அந்தக் கால்தான் முறியும். புதிய லோடு ஒவ்வொரு பேஸிலும் 97 ஆம்பியர் கூட்டும். ஒய் பேஸ் 365 ஆகிவிடும். தகட்டில் உள்ள 333-ஐ விடப் பத்து சதவிகிதம் கூடுதல். பத்து சதவிகிதம் தானே என்று நினைக்கலாம். ஆனால் சுருளில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் கூடுகிறது. 1.1-ஐ 1.1-ஆல் பெருக்குங்கள், 1.21. ஐந்தில் ஒரு பங்கு அதிகச் சூடு. அதுவும் பங்குனி, சித்திரை வெயிலில்.

ஒய் பேஸில் மட்டும் ஏன் இத்தனை என்று தேடினால், ஆபீஸ் ஏ.சி. நான்கும், வளாக விளக்குகளும், பாக்கெட் போடும் பகுதியும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. வருடா வருடம் யாராவது ஒரு எலக்ட்ரீஷியன் கைக்கு எட்டிய பேஸில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றிக் கொடுத்தோம். கூலியும் சில்லறைச் சாமானும் தவிர வேறு செலவில்லை. 236, 244, 234 என்று வந்தது.

இதனால் மொத்தப் பாரம் குறையவில்லை, பரவிற்று, அவ்வளவுதான். புதிய லோடைச் சேர்த்தால் இன்னமும் 333-க்கு மேலேதான்.

சாக்கு எடையைக் குறைத்த கதை

பில்லில் பவர் பேக்டர் 0.86 என்று இருந்தது. 0.90-க்குக் குறைந்தால் ஈட்டுத்தொகை உண்டு. பல மாதங்களாக அந்தத் தொகையைக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறோம். கணக்கப்பிள்ளை அதையும் மின் கட்டணம் என்ற தலைப்பிலேயே பற்று எழுதி வந்தார், நானும் கேட்கவில்லை. கப்பாசிட்டர் அறையைத் திறந்து பார்த்தால் பாதி கப்பாசிட்டர்கள் ஊதிப்போய்ச் செத்துக் கிடந்தன.

178 கே.வி.ஏ.வை 0.86-ஆல் பெருக்கினால் 153 கிலோவாட். மில் செய்யும் உண்மையான வேலை அதுதான். அதோடு புதிய 62 சேர்ந்தால் 215. பவர் பேக்டரை 0.97-க்கு உயர்த்தினால் 215-ஐ 0.97-ஆல் வகுக்க 222 கே.வி.ஏ. ஆம்பியரில் 296. ஆக 250-ல் 222, அதாவது 89 சதவிகிதம். சாக்கின் எடையைக் குறைத்ததில் அதே லாரியில் சரக்குக்கு இடம் வந்துவிட்டது. இதற்கு வேண்டிய கப்பாசிட்டர் மொத்தம் 75 கே.வி.ஏ.ஆர். தேவைக்கேற்பத் தானே போட்டு எடுக்கும் பேனலோடு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் ஆயிற்று.

இதில் இரண்டு எச்சரிக்கை. கப்பாசிட்டர் 433 வோல்ட் பக்கத்தில், லோடுக்கு அருகில் இருந்தால்தான் டிரான்ஸ்பார்மரின் பாரம் குறையும். 11,000 வோல்ட் பக்கத்தில் வைத்தால் பில் அழகாகும், டிரான்ஸ்பார்மர் அதே பாரத்தைத்தான் சுமக்கும். இரண்டாவது, இப்போது மில்களில் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களும் யு.பி.எஸ்.களும் பெருகி விட்டன. இவை இழுக்கும் மின்சாரம் சீரான அலையாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ரியாக்டர் இல்லாத சாதாரணக் கப்பாசிட்டரைப் போட்டால் அது சீக்கிரம் ஊதி விடும். எங்கள் பழைய கப்பாசிட்டர்கள் செத்ததற்கும் நிறம் பிரிக்கும் மிஷின் வந்ததற்கும் தொடர்பு உண்டு என்பது பொறியாளர் கருத்து.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள், "பகலில் அது பாதி கொடுக்கிறதே" என்று கழித்துக்கொள்கிறார்கள். கழிக்காதீர்கள். கம்ப்ரசர் இரவிலும் ஓடும்.

வயதான உடம்பு

89 சதவிகிதம் என்பது புதுத் தகட்டுக் கணக்கு. எங்களுடையதற்கு அப்போது வயது 27. டிரான்ஸ்பார்மரின் ஆயுள் என்பது அதன் சுருளைச் சுற்றியுள்ள காகிதத்தின் ஆயுள்தான் என்றார் பொறியாளர். சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரிக்குள் இருந்தால் அது இயல்பான ஆயுள். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் ஆயுள் தேயும் வேகம் இரட்டிப்பாகும் என்பது துறையில் வழங்கும் கணக்கு. என் நண்பருடையது மூன்றாம் வருடம் எரிந்தது ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அது அந்த ஒரு பிற்பகலில் எரியவில்லை, மூன்று கோடையாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

எண்ணெயை மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினோம். 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 கிலோவோல்ட்டாவது தாங்க வேண்டும். எங்களுடையது 24-லேயே விட்டுக் கொடுத்தது. ஈரம் ஏறியிருந்தது. மூச்சுவிடும் குழாயில் இருக்கும் சிலிகா ஜெல் நீலமாக இருக்க வேண்டியது, வெளிறிய ரோஸ் நிறத்தில் கிடந்தது. எத்தனை வருடமாக அப்படிக் கிடந்ததோ, தெரியாது. எண்ணெயை வடிகட்டிச் சூடேற்றி ஈரம் நீக்கிய பிறகு 56 வந்தது.

அடுத்தது தூசி. பருப்பு மில் நடத்துபவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ரேடியேட்டர் இறக்கைகளில் லேசாகக் கசிந்த எண்ணெயில் தோல் தூசி ஒட்டி ஒட்டி, கம்பளி போர்த்தியது போல் ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. போதாதென்று, திருட்டுக்குப் பயந்து 2009-ல் நானே கட்டிய எட்டடிச் சுவர், தென்மேற்குக் காற்றை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்தது. சுவரை இடித்துக் கம்பி வேலி போட்டோம். ரேடியேட்டரைச் சுரண்டிக் கழுவினோம். அதே லோடில், அதே வெயிலில், எண்ணெயின் சூடு 7 டிகிரி குறைந்தது. பதினைந்து லட்சம் மதிப்பீடு கொடுத்தவரும் சரி, பைசா செலவில்லை என்றவரும் சரி, இந்தத் தூசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரான்ஸ்பார்மர் தாங்கினால் போதாது. அதிலிருந்து பேனலுக்கு வரும் கேபிள், மெயின் பிரேக்கர், பஸ்பார், மீட்டருக்கான சி.டி. எல்லாம் 296 ஆம்பியருக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். எங்களுக்குக் கேபிள் போதவில்லை. இன்னொன்று இணையாகப் போட்டோம். 30 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 40 ஆம்பியர் எடுக்கும். நேராகத் தட்டினால் கிளம்பும் அந்தச் சில விநாடிகள் ஆறு மடங்கு, அதாவது 240 எடுக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அது மூன்றில் ஒரு பங்காகிறது. கரண்டு போய் வரும்போது எல்லாம் ஒன்றாகக் கிளம்பாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி டைமர் வைத்திருக்கிறோம்.

காகித வேலை

டிரான்ஸ்பார்மர் 222 தாங்கும் என்று தெரிந்தது. ஆனால் எங்கள் ஒப்பந்தத் தேவை 200 கே.வி.ஏ.தான்! அதாவது லாரி தாங்கும், பர்மிட் தாங்காது. ஒப்பந்தத்தைத் தாண்டினால் தாண்டிய அளவுக்குக் கூடுதல் கட்டணம் விழும். ஆகவே 230-க்கு விண்ணப்பித்தோம். (2010-ல் ஒரு பெயர், 2024-ல் ஒரு பெயர் என்று மாறினாலும் நமக்கு அது மின் வாரியம்தான்.) மின் ஆய்வாளரின் அனுமதி, கூடுதல் வைப்புத்தொகை எல்லாம் சேர்ந்து நான்கு மாதம் பிடித்தது. தேவைக்கு மேல் கேட்டு வைப்பதும் நட்டம்தான். பயன்படுத்தாவிட்டாலும் ஒப்பந்தத்தின் பெரும்பகுதிக்குத் தேவைக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதுபோல 500 கே.வி.ஏ. வாங்கிச் சும்மா நிறுத்தினாலும், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரும்பு நட்டம் என்று 24 மணி நேரமும் மீட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் கடைக்காரர்கள். அவர்களுக்குச் சொந்த டிரான்ஸ்பார்மர் கிடையாது, தெருமுனையில் இருப்பது வாரியத்துடையது. இருந்தாலும் கணக்கு அதேதான். தெருவில் 100 கே.வி.ஏ. நின்றால் பேஸுக்கு 133 ஆம்பியர். அதை நாற்பது கடையும் மாடி வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. மாலை ஏழு மணிக்கு எல்லோருடைய ஏ.சி.யும் ஃப்ரீசரும் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறதா, ஒரு பேஸ் மட்டும் அடிக்கடி பியூஸ் போகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் சத்தம் இல்லாமல் இரண்டு ஃப்ரீசரைக் கூட்டிக்கொண்டால் வாரியத்தின் பதிவேட்டில் உங்கள் லோடு பழையபடியே இருக்கும். அந்தப் பதிவை வைத்துத்தான் பெரிய டிரான்ஸ்பார்மர் தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுப்பதால் கட்டணம் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. தெருவில் நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் மாறும் என்பதும் உண்மை. எங்கள் பேட்டைத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

குளிர்பதனக் கிட்டங்கி 2024 தை மாதம் ஓடத் தொடங்கிற்று. முதல் பங்குனியில் நான் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு வேலியோரம் போய் நின்று, எண்ணெயின் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதினேன். வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்தார்கள். அந்த மாத உச்சத்தில் மூன்று பேஸிலும் 289, 301, 286. பில்லில் உச்சத் தேவை 221. சித்திரை பிற்பகல் ஒன்றில் வெளியே 40 டிகிரி இருந்தபோது எண்ணெய் 76. அலாரம் வைத்திருப்பது 85-ல். ஈட்டுத்தொகை என்ற வரி பில்லில் இருந்து மறைந்து விட்டது. இதுவரை மொத்தச் செலவு, கேபிளும் சுவர் இடித்ததும் உட்பட, ஐந்து லட்சத்துக்குள்தான்.

இப்போது தம்பி மகன் இரண்டாவது அறைக்குக் கேட்கிறான். பக்கத்துக் கிட்டங்கிக்காரரும் விற்கத் தயாராக இருக்கிறார். இந்த முறை அவனே பன்னிரண்டு பில்லையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். 221-உடன் இன்னொரு 62 கிலோவாட் சேர்ந்தால், பவர் பேக்டர் 0.97 என்றே வைத்தாலும், 285 ஆகிறது. எந்தப் பேஸை எங்கே மாற்றினாலும் 250-க்குள் அடங்காது. 315-ஆ, 400-ஆ என்று இரண்டுக்கும் விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம்.